ரெஜிஸ்ட்ரி க்ளீனர்: யாருக்கு லாபம்?

கணினி மெதுவாக இருக்கிறது என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிப் பாருங்கள். ஒருவர் ஃபார்மேட் அடிக்கச் சொல்வார். இன்னொருவர் ஆன்டிவைரஸை மாற்றச் சொல்வார். மூன்றாவது ஆள் கட்டாயம் சொல்வது: "ஒரு ரெஜிஸ்ட்ரி க்ளீனர் போட்டு ஓட்டு மச்சி, பறக்கும்." எங்கள் வகுப்பில் இந்த மூன்றாவது ஆட்கள் குறைந்தது ஐந்து பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன் :-)

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை, பி.காம். "உனக்கு எதுக்குடா இந்த வேலை" என்று கேட்பவர்களுக்கு: இந்த விஷயத்தில் பாதிதான் கணினி, மீதிப் பாதி சுத்தமான வியாபாரம். அந்தப் பாதி எங்கள் ஏரியா.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கணினி பழகுகிறவர்கள் ரெஜிஸ்ட்ரி க்ளீனர் பக்கமே போகக் கூடாது. "கவனமாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை" என்று நடுவில் நின்று பேசுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது காட்டுகிற பட்டியலில் எதை விடலாம், எதை அழிக்கலாம் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு அந்த மென்பொருளே தேவைப்படாது. தெரியாத ஆள் எதைப் பார்த்துக் கவனமாக இருப்பார்?

சரி, ரெஜிஸ்ட்ரி என்றால் என்ன? விண்டோஸும் நாம் அதில் நிறுவும் மென்பொருட்களும் தங்கள் விவரங்களை எழுதி வைக்கும் பெரிய பதிவேடு. எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், பிரிண்டரின் டிரைவர் எங்கே இருக்கிறது, கணினி எழும்போது கூடவே எதெல்லாம் எழ வேண்டும் எல்லாம் அதில்தான். பழைய விண்டோஸ் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஐஎன்ஐ என்ற சின்னக் கோப்பு வைத்துக்கொண்டது. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-லேயே ரெஜிஸ்ட்ரி சின்ன அளவில் எட்டிப் பார்த்தாலும், விண்டோஸ் 95 வந்தபோதுதான் எல்லாவற்றையும் அதில் கொண்டு போய்க் குவித்தார்கள். விண்டோஸ் 11 வரைக்கும் அதே ஏற்பாடுதான். லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும்.

மென்பொருளை நீக்கும்போது அது எழுதியதையெல்லாம் அழித்துவிட்டுப் போக வேண்டும். நிறைய மென்பொருட்கள் போவதில்லை. காலி செய்த வாடகை வீட்டில் ஆணியும் காலண்டரும் விட்டுப் போவது மாதிரி கொஞ்சம் விட்டுப் போகும். ஆக ரெஜிஸ்ட்ரியில் குப்பை சேர்வது உண்மை. க்ளீனர் விற்பவர்கள் இந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை. இதற்கு அடுத்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

எது குப்பை என்று அந்த மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதை யாருமே கேட்பதில்லை. அது ஒவ்வொரு பதிவாகப் பார்க்கும். "இந்த மென்பொருளின் பாகம் இன்ன இடத்தில் இருக்கிறது" என்று ஒரு பதிவு சொன்னால், அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கும். அங்கே கோப்பு இல்லையா? பிழை. ஒரு பதிவு வெறுமையாக இருக்கிறதா? பிழை. இதெல்லாம் யூகம்தான். அந்தப் பதிவை எழுதியவர் எதற்காக எழுதினார் என்று அதற்குத் தெரியாது. கடைக்குப் புதிதாக வந்த கணக்குப்பிள்ளை லெட்ஜரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பார்ட்டிக்கும் போன் போட்டு, எடுக்காதவர்கள் பெயரையெல்லாம் அடித்துவிட்டால் எப்படி இருக்கும்? அதில் கடையை மூடிப் போனவனும் இருப்பான். சாப்பிடப் போனவனும் இருப்பான். நமக்கு இரண்டு லட்சம் தர வேண்டியவனும் இருப்பான்.

ஸ்கேன் செய்த நேரத்தில் பென்டிரைவ் செருகப்படாமல் இருந்திருக்கலாம். வெளி ஹார்ட்டிஸ்க் வீட்டில் இருந்திருக்கலாம். நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கணினி அணைந்திருக்கலாம். க்ளீனருக்கு எல்லாமே "கோப்பைக் காணோம்"தான்.

இந்தக் கடைசி ரகத்தை நேரில் பார்த்தேன். ஈரோட்டில் என் பெரியப்பா ஜவுளி மொத்தக்கடை வைத்திருக்கிறார். கடையில் பில் போட ஒரு பழைய மென்பொருள். உள்ளூர்க்காரர் ஒருவர் விஷுவல் பேசிக் 6-ல் எழுதிக் கொடுத்தது. எழுதியவர் துபாய் போய்ப் பல வருஷம் ஆகிறது. மென்பொருள் மட்டும் சொன்ன பேச்சு கேட்டு ஓடிக்கொண்டிருக்கிறது (நம் ஊர் கடைகளில் பாதி இப்படித்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்). உள்ளறையில் ஒரு கணினியில் அது இருக்கிறது. முன்னால் பில் போடும் கணினிகள் நெட்வொர்க் வழியாக, இசட் டிரைவ் என்ற பெயரில் அங்கிருந்து எடுத்து ஓட்டும். மென்பொருளுக்கு வேண்டிய ஓசிஎக்ஸ் என்ற துணைக் கோப்புகளும் இசட் டிரைவில்தான் இருப்பதாக முன் கணினிகளின் ரெஜிஸ்ட்ரியில் பதிவு.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பில் போடும் தம்பி, கணினி திணறுகிறதே என்று ஒரு வீடியோ பார்த்து இலவச ரெஜிஸ்ட்ரி க்ளீனர் ஒன்றை இறக்கி ஓட்டியிருக்கிறான். விடுமுறை என்பதால் உள்ளறைக் கணினி அணைந்திருந்தது. அறுநூற்றுச் சொச்சம் பிழைகள் என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. "பேக்கப் எடுக்கவா" என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கொடுத்து, "எல்லாவற்றையும் சரிசெய்" பட்டனை அழுத்தியிருக்கிறான். பக்கத்துக் கணினிக்கும் அதே சேவை, இலவசமாக.

திங்கட்கிழமை காலை பில்லிங் திறந்தால் 339 என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி. துணைக் கோப்பு சரியாகப் பதியப்படவில்லை என்று அர்த்தம். எனக்குப் போன் வந்தது.

"ஏங்கண்ணு, நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே?"

"இல்லைங்க பெரியப்பா, பி.காம்ங்க."

"அதுலயும் கம்ப்யூட்டர் இருக்குதல்ல, வா."

மூன்று நாள் கையால் பில் எழுதினார்கள். தீபாவளிக் கொள்முதல் நேரம், வாசலில் வண்டி நிற்கிறது, கார்பன் தாள் வைத்து ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். பிறகு அத்தனையையும் மறுபடி கணினியில் ஏற்ற வேண்டும். நான் போய் ஒன்றும் கிழிக்கவில்லை, உட்கார்ந்து பில் எழுதினேன், அவ்வளவுதான். கடைசியில் வன்பொருள் கடைக்காரர் ஒருவர், தப்பித்த மூன்றாவது கணினியைப் பார்த்து, ஒவ்வொரு ஓசிஎக்ஸாகத் திரும்பப் பதிந்து உயிர் கொடுத்தார்.

என்னை உறுத்தியது அந்தத் தம்பியின் நிலைமை. பன்னிரண்டாவது முடித்தவன். மாதம் பதினோராயிரம் சம்பளம். "கண்டதைப் போட்டு நோண்டிட்டான்" என்று கடையே திட்டியது. வேலையை விட்டு அனுப்பலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அவன் எதை நோண்டினான்? "பிழை" என்று எழுதியிருந்தது. "சரிசெய்" என்று பட்டன் இருந்தது. கடைக்கு நல்லது என்று நினைத்து அழுத்தினான். அந்தப் பட்டனில் "எனக்குக் காரணம் தெரியாத அறுநூறு பதிவுகளை அழி" என்று எழுதியிருந்தால் அழுத்தியிருப்பானா? (பெரியப்பா அவனை அனுப்பவில்லை. நானும் கொஞ்சம் சண்டை போட்டேன்.)

எல்லோருக்கும் இப்படி ஆகாது என்பது எனக்கும் தெரியும். நூறு பேர் ஓட்டினால் பெரும்பாலோருக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். அப்படியானால் லாபப் பக்கத்தைப் பார்ப்போம். அந்த அறுநூறு பதிவுகளும் நிஜமான குப்பை என்றே வைத்துக்கொள்வோம். ஒன்று 200 பைட் என்று தாராளமாகப் போட்டாலும் மொத்தம் 120 கேபி கூட வராது. 4 ஜிபி நினைவகம் உள்ள சாதாரணக் கணினியில் இது சுமார் 35 ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் நினைவகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் இதைவிடப் பெரியது.

"ரெஜிஸ்ட்ரி பெரிதானால் தேட நேரம் ஆகும்" என்பது இன்னொரு பிரபலமான வாதம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. மரக்கிளை மாதிரி வகை, உள்வகை என்று நேராக வேண்டிய இடத்துக்குப் போகும். லெட்ஜரில் 'ம' வரிசையில் ஒரு பார்ட்டியின் பக்கத்தைத் திறக்கும்போது, 'க' வரிசையில் பத்து வருஷமாக வரவு செலவு இல்லாத பார்ட்டி இருப்பதால் என்ன தாமதம்? அது மட்டும் இல்லை. பதிவை அழித்ததும் ரெஜிஸ்ட்ரிக் கோப்பு உடனே சுருங்கிவிடாது. அந்த இடம் கோப்புக்குள்ளேயே காலி இடமாகக் கிடக்கும்.

விண்டோஸ் உள்விவரங்களில் பெரிய கை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மார்க் ருசினோவிச் 2005-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ரெஜிஸ்ட்ரிக் குப்பை விண்டோஸோடு கூடப் பிறந்தது, சில நூறு கேபி கூடுதலாகக் கிடப்பதால் வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் வராது என்பது அவர் சொன்னதன் சாரம். அப்போது அவர் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற பெயரில் இலவசக் கருவிகள் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட் அவரையும் அந்த நிறுவனத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை? ஒரு காலத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது. விண்டோஸ் 95, 98 காலத்துக் கணினியில் 16 எம்பி, 32 எம்பி நினைவகம்தான். ரெஜிஸ்ட்ரி அடிக்கடி கெட்டுப்போகும். விண்டோஸ் 98-ல் கணினி கிளம்பும்போதே ரெஜிஸ்ட்ரியைச் சோதித்து, ஐந்து பேக்கப் வரை வைத்துக்கொள்ளும் ஸ்கேன்ரெக் என்ற கருவியே உண்டு. மைக்ரோசாஃப்டே ரெக்க்ளீன் என்று ஒரு சுத்தக் கருவியை இலவசமாகக் கொடுத்தது. பிரச்சினைகள் வரவும் அதைத் தூக்கிவிட்டது. 2000-களில் ஒன்கேர் ஸ்கேனரில் மறுபடி ரெஜிஸ்ட்ரி சுத்தம் வைத்தார்கள். அதுவும் மூடப்பட்டது. இப்போது மைக்ரோசாஃப்டின் ஆதரவுக் கொள்கை வெளிப்படையாக இருக்கிறது: ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களை நாங்கள் ஆதரிப்பதில்லை, அதனால் பிரச்சினை வந்தால் விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டி வரலாம். விண்டோஸ் செய்தவனே கைவிரித்துவிட்ட விஷயத்தை நம் ஆட்கள் "வேகத்தைக் கூட்டப் பத்து வழிகள்" பட்டியலில் இன்னும் மூன்றாவதாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்துக்கு ஒன்று குறைகிறதே என்று போடுகிறார்களோ என்னவோ.

இப்போது எங்கள் ஏரியா.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் அந்தச் சந்தை என்ன ஆகும் என்பது விஷயம். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அதிலிருந்து கொஞ்சம் தள்ளி இன்னொரு வகைச் சரக்கு உண்டு. வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அது உழைத்ததா இல்லையா என்று வாங்கியவனால் சொல்ல முடியாது. மெக்கானிக் "உள்ளே ஒரு பார்ட் போயிருந்தது, மாத்திட்டேன்" என்பது மாதிரி. ரெஜிஸ்ட்ரி க்ளீனர் இந்த வகையின் உச்சம். நோய் இருக்கிறது என்று சொல்வதும் அதுதான், மருந்து கொடுப்பதும் அதுதான், குணமாகிவிட்டது என்று சான்றிதழ் தருவதும் அதுதான். 612 பிழைகள் என்று காட்டும். அழுத்தியதும் 0 என்று காட்டும். நாம் காசு கொடுப்பது அந்த பூஜ்யத்துக்கு. கணினி வேகமானதா என்று யாரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை.

ஸ்கேன் இலவசம், சரிசெய்யக் காசு என்று வைத்துவிட்டால், பிழை குறைவாகக் காட்டும் க்ளீனரை எவன் வாங்குவான்? அதிகமாகக் காட்டுபவன்தான் சந்தையில் நிற்பான். நடந்ததும் அதுதான். 2008-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசு, ரெஜிஸ்ட்ரி க்ளீனர் எக்ஸ்பி என்ற மென்பொருளை விற்றவர்கள் மீது வழக்குப் போட்டது. உங்கள் ரெஜிஸ்ட்ரி சேதமாகிவிட்டது என்று கணினித் திரையில் பொய் எச்சரிக்கை அனுப்பி, 39.95 டாலருக்கு அதை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே வருஷ டிசம்பரில் அங்கே ஃபெடரல் டிரேட் கமிஷன், எரர்சேஃப், டிரைவ்க்ளீனர் என்றெல்லாம் பெயர் வைத்துப் பயமுறுத்தி விற்ற கும்பலைப் பிடித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏமாந்ததாகக் கமிஷன் சொன்னது. 2012-ல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு: 2019-ல் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய சங்கிலிக் கடையும் அதன் மென்பொருள் கூட்டாளியும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டன. கணினியை இலவசமாகச் சோதிக்கிறோம் என்று வாடிக்கையாளரிடம் மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நிற்கிறதா என்கிற மாதிரி நாலு கேள்வி. ஒன்றுக்கு ஆமாம் என்று டிக் விழுந்தாலே போதும், ஸ்கேன் என்ன கண்டாலும் கண்டுபிடிக்காவிட்டாலும் தீங்குநிரல் அறிகுறி என்று முடிவு வரும் என்பது புகார். 2024 மார்ச்சில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற சைப்ரஸ் நிறுவனங்கள் இதே ரகப் புகாரில் 2.6 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டன. வியாபார மாதிரி அப்படியேதான் இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது.

"நான் யூஸ் பண்றது அந்த மாதிரி டுபாக்கூர் இல்லை, உலகமே யூஸ் பண்றது" என்று சிசிக்ளீனர் ரசிகர்கள் வருவார்கள். அந்த மென்பொருளை டுபாக்கூர் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் 2017-ல் என்ன நடந்தது? அதன் 5.33 பதிப்பின் உள்ளேயே யாரோ புகுந்து தீங்குநிரலை வைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து, நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடு, ஆகஸ்ட் நடுவிலிருந்து சுமார் ஒரு மாதம் அது இறங்கிக்கொண்டிருந்தது. சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போனது. கணினி முழுக்க அதிகாரம் கேட்கும் எந்த மென்பொருளுக்கும் இது நடக்கலாம்தான். ஆன்டிவைரஸ் மாதிரி தேவையான ஒன்றுக்காக அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம். 120 கேபிக்காக ஏன்?

பேக்கப் எடுத்துக்கொண்டால் போதுமே என்பது கொஞ்சம் பலமான வாதம். இதிலும் புதியவர்தான் மாட்டுகிறார். க்ளீனர் எடுக்கும் பேக்கப் கோப்பைத் திரும்பச் சேர்க்க விண்டோஸ் எழ வேண்டும். எழாவிட்டால்? முன்பெல்லாம் விண்டோஸ் தானே ரெஜிஸ்ட்ரியின் நகலை ரெக்பேக் என்ற கோப்புறையில் அவ்வப்போது எடுத்து வைக்கும். 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து, இடம் மிச்சம் என்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தக் கோப்புறையைத் திறந்தால் கோப்புகள் இருக்கும், அளவு 0 கேபி. சிஸ்டம் ரீஸ்டோரும் நிறையக் கணினிகளில் அணைந்தே கிடக்கிறது. உடைந்தால்தான் அதெல்லாம் இல்லை என்று தெரிய வரும். தவிர, பாதிப்பு உடனே தெரிவதும் இல்லை. இன்று அழித்த பதிவு மூன்று மாதம் கழித்து ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கும்போதோ நீக்கும்போதோ தேவைப்படும். அப்போது யாருக்கு இந்தக் க்ளீனர் ஞாபகம் வரும்?

கணினி நிஜமாகவே மெதுவாக இருந்தால் செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், காலையில் கூடவே எழும் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். இது அழிப்பது இல்லை, வேண்டும் என்றால் திரும்பக் கொடுத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாத மென்பொருளை செட்டிங்ஸ் வழியாக முறைப்படி நீக்குங்கள். சி டிரைவில் இடம் விடுங்கள். பழைய சுழலும் ஹார்ட்டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி மாற்றுங்கள். இந்த ஒன்று மட்டும் நிஜமாகவே "பறக்கும்". பெரியப்பா கடையில் அந்தத் தம்பியின் கணினிக்கும் கடைசியில் அதுதான் வைத்தியம்.

ஏற்கனவே க்ளீனர் ஓட்டியவர்கள் பதற வேண்டாம். எல்லாம் சரியாக ஓடினால் விட்டுவிடுங்கள். அது எடுத்த பேக்கப் கோப்பு டாக்குமென்ட்ஸில் எங்காவது கிடந்தால், தெரியாத பெயராக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டோர் பாயின்ட் என்று தேடி, அது அணைந்திருந்தால் உயிர் கொடுத்து வையுங்கள். ஒரு குறிப்பிட்ட மென்பொருள் வேலை செய்யவில்லை, அதைச் செய்தவர்களே இந்த ஒரு பதிவை மாற்றுங்கள் என்று வழி சொல்கிறார்கள் என்றால் அது வேறு கதை. அங்கே எதை, எதற்காக மாற்றுகிறோம் என்று தெரியும்.

முதல் பத்தியில் வந்த வகுப்புத் தோழர்கள் பின்னூட்டத்தில் பொங்குவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். பொங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் கணினி எழுந்து பிரவுசர் திறக்கும் வரை எத்தனை விநாடி என்று மூன்று தடவை குறித்துக்கொள்ளுங்கள். க்ளீனர் ஓட்டிவிட்டு மறுபடி மூன்று தடவை. ஆறு எண்களையும் இங்கே போடுங்கள். உங்கள் சொந்தக் கணினியில் மட்டும், வீட்டில் அப்பாவின் கணினியில் வேண்டாம்.